பச்சை நூல் குட்டிகள்

எள்ளு செத்தது செவ்வாய்க்கிழமை காலையில். சோறு வைத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பந்தை எடுக்க ஓடிய நாய் பாதி மைதானத்தில் முன்னங்கால் மடங்கி விழுந்தது, பிறகு எழவில்லை. இசக்கிப்பாண்டி போய்த் தொட்டுப் பார்த்தபோது உடம்பு சூடாகத்தான் இருந்தது. வாயில் நுரை இல்லை, எங்கும் ஒரு கீறல் இல்லை. பதினாலு மாத நாய்க்கு வரக்கூடிய சாவு இல்லை இது.

மூன்று வாரத்துக்கு முன்னால் கடலையும் இப்படித்தான் போனது. அன்றைக்கு ஏதாவது பாம்பு தீண்டியிருக்கும் என்று அவர் தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். தேவைப்படும்போது ஒரு பாம்பைக் கண்டுபிடிக்க மனிதனுக்குத் தெரியாதா என்ன. இன்றைக்கு அந்தப் பாம்பு கைகொடுக்கவில்லை. எள்ளைத் தோளில் போட்டுக்கொண்டு பரிசோதனை அறைக்கு நடந்தார்.

பாளையங்கோட்டைக்குத் தெற்கே பொட்டல்காட்டில், உயர்ந்த மதிலுக்குள் இருந்த அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். காகிதத்தில் பதவியின் பெயர் விலங்குப் பராமரிப்பாளர். ஊரில் கேட்டால் நாய்க்குச் சோறு வைக்கிறவர் என்பார்கள். இரண்டும் சரிதான். நிலையம் நாய்களுக்கு எண் வைத்தது, அவர் பெயர் வைத்தார். எண்ணைக் கூப்பிட்டு எந்த நாயும் திரும்பிப் பார்த்ததில்லை என்பது அவர் கட்சி.

டாக்டர் ரோஸ்லின் எள்ளின் நெஞ்சைத் திறந்து, இதயத்தை எடுத்துத் தட்டில் வைத்தார். நிலையத்தின் தலைமை ஆராய்ச்சியாளர். நாற்பத்தைந்து வயது இருக்கும். இசக்கிப்பாண்டியை இத்தனை வருடமும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"இங்க பாருங்கண்ணே. இந்த வயசுல இதுல பாதிதான் இருக்கணும். சுவர் எப்படித் தடிச்சுப் போயிருக்கு பாருங்க. உள்ள ரத்தம் நிக்க இடமே இல்ல. எந்த உறுப்பும் ஒரு அளவுக்கு வளர்ந்ததும் நிக்கணும். இது நிக்கவே இல்ல."

"கடலைக்கும் இதேதானா மேடம்?"

"அதேதான். ஆனா எனக்கு இடிக்கிறது வேற. ரெண்டுமே சிவப்பு நூல், இயற்கையா உண்டான குட்டிங்க. நம்ம பச்சை நூல் மூணும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கு. கோளாறு வந்தா பச்சையில வரணும், இல்லன்னா ரெண்டுலயும் வரணும். சிவப்புல மட்டும் எப்படி வரும்?"

அவர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "பொறந்த நாள்ல இருந்து கூடவே இருக்கிறது நீங்கதான். குட்டியா இருக்கும்போது இதுங்ககிட்ட ஏதாவது வித்தியாசம் பாத்தீங்களா?"

"ஒண்ணும் இல்ல மேடம்," என்றார் இசக்கிப்பாண்டி.

அது பொய். அந்தப் பொய்க்கு வயது பதினாலு மாதம், சரியாகச் சொன்னால் எள்ளைவிட மூன்று நாள் குறைவு. அதை விளக்க வேண்டுமானால் இன்னும் பின்னால், அவர் மகன் மகிழனிடம் போக வேண்டும்.

மகிழனுக்கு ஏழு வயதில் ரத்தத்தில் புற்றுநோய் வந்தது. மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, கொடுக்கப்போகிற மருந்து உயிரைக் காப்பாற்றினாலும் பிள்ளை உண்டாக்கும் செல்களைக் கருக்கிவிடும் என்றார்கள். அதனால் மருந்து ஏற்றுவதற்கு முன்பே விதையிலிருந்து ஓர் அரிசி அளவுக்குத் துண்டு எடுத்து உறைய வைத்தார்கள். பையன் பிழைத்தான். துண்டும் பனிக்குள் பத்திரமாக இருந்தது. ஆனால் ஏழு வயதுப் பையனின் விதையில் விந்து ஏது? பச்சைச் செல்தான் இருக்கும். அதை உடம்புக்கு வெளியே முதிரவைக்கும் வித்தை உலகத்தில் யாருக்கும் கைவந்திருக்கவில்லை. பதினைந்து வருடம் கழித்து அதைச் செய்து காட்டுகிறேன் என்று கிளம்பியவர் ரோஸ்லின்.

ஒருநாள் கொட்டகையில் டீ குடித்துக்கொண்டே அவர் இசக்கிப்பாண்டிக்கு விளக்கினார்.

"விதைக்குள்ள தாதி மாதிரி சில செல்லுங்க இருக்குண்ணே. அதுங்க சில பொருளைச் சுரக்கும். வளர்ச்சிக் காரணின்னு பேரு. ஒரு காரணி பச்சைச் செல்லப் பாத்து, பெருகு பெருகுன்னு சொல்லும். இன்னொண்ணு, பெருகினது போதும் முதிருன்னு சொல்லும். நான் அந்தக் காரணிகளைக் கையால செஞ்சு, கண்ணாடித் தட்டுல ஊத்தி வளக்கேன். எதை எப்ப நிறுத்தணும், அதுலதான் எல்லாமே இருக்கு."

"தோசை மாவு மாதிரின்னு சொல்லுங்க. முந்துனா பொங்காது, விட்டா புளிச்சுப் போவும்."

ரோஸ்லின் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு சென்னையிலிருந்து வந்த பெரிய அதிகாரிகளுக்கும் அவர் தோசை மாவு கதையைத்தான் சொன்னார். யார் வீட்டு மாவு என்று மட்டும் சொல்லவில்லை.

எலியில் சரியாக வந்தது. மனிதனுக்குப் போகும் முன் நாயில் வர வேண்டும். நாயின் விதை வளர்கிற விதமும் வேலை செய்கிற விதமும் மனிதனுக்குக் கிட்டத்தில் இருக்கிறதாம். கருவாயன் என்ற சிப்பிப்பாறை நாய்க்கு மூன்று மாதம் ஆனபோது ஒரு துண்டு எடுத்து உறைய வைத்து, பிறகு காரணிகளை ஊற்றித் தட்டில் முதிர்த்தார்கள். அந்த விந்தில் சினையானது சின்னவள். அதே கருவாயன் வளர்ந்து பெரிதானதும் இயற்கையாகக் கிடைத்த விந்தில் சினையானது பெரியவள். இரண்டு பெட்டைகளும் ஒரே நாயிலிருந்து நகலெடுத்துப் பிறந்தவை. உருவம், ரத்தம் எல்லாம் ஒரே அச்சு. அப்பன் ஒன்று, அம்மாவும் ஒன்று மாதிரிதான். அதனால் குட்டிகளில் ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் அது காரணியின் வேலை என்று அடித்துச் சொல்லலாம். இவ்வளவு கச்சிதமாக யோசித்ததில் ஒரு விஷயம் தங்கிப்போனது. எந்தக் குட்டி எந்த வகை என்று எந்த ரத்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. ஆறாவது வாரம் தோலுக்கடியில் அடையாள எண் பதிந்த மின்சில்லு பொருத்தும்வரை கழுத்தில் கட்டிய நூல்தான் ஒரே அடையாளம். தட்டில் முதிர்ந்ததற்குப் பச்சை, இயற்கைக்குச் சிவப்பு.

சின்னவள் மூன்று போட்டாள். பெரியவள் ஆறு போட்டாள். சின்னவளின் மூன்றும் சவலை. மடியை வாயில் வைத்தாலும் உறிஞ்சவில்லை. குட்டி உறிஞ்சினால்தான் தாய்க்குப் பால் இறங்கும், பால் இறங்கினால்தான் குட்டிக்கு உறிஞ்சத் தெம்பு வரும். இரண்டும் இல்லாமல் மூன்றாம் நாள் காலையில் மூன்றும் குளிர்ந்துபோய்க் கிடந்தன. ரோஸ்லின் சென்னையில் இருந்தார்.

கொட்டகையில் இதற்கொரு வழக்கம் உண்டு. சவலைகளை எடுத்துப் பால் பொங்குகிற தாயிடம் போட்டுவிட்டு, அவளுடைய முரட்டுக் குட்டிகளைக் கொண்டுவந்து பால் வற்றியவளிடம் விட வேண்டும். அதுகள் முட்டி மோதி உறிஞ்சுகிற வேகத்தில் பால் தானாக இறங்கிவிடும். இசக்கிப்பாண்டி எத்தனையோ ஈற்றுக் குட்டிகளை அப்படிக் காப்பாற்றியிருக்கிறார். அன்றைக்கும் மூன்றுக்கு மூன்றாக அதைத்தான் செய்தார். கூடவே நூல்களையும் அவிழ்த்து மாற்றிக் கட்டினார். அதுதான் தப்பு. ஆனால் கட்டாமல் விட்டால் ஒரே கூண்டில் இரண்டு நிறம் தெரியும். முன்பு ஒருமுறை அப்படிக் கலந்துபோனபோது, சோதனை கெட்டுவிட்டது என்று அந்த ஈற்றுக் குட்டிகள் அத்தனையையும் ஊசி போட்டுக் கொன்றார்கள். பத்துக் குட்டிகள். குழி வெட்டியவர் அவர்.

மூன்று வாரம் போனதும் பழையபடி மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தார். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போனது. ஆறாவது வாரம் மகனை வருடாந்தரப் பரிசோதனைக்கு மதுரைக்கு அழைத்துப் போய்விட்டுத் திரும்பி வந்தால், ஒரு நாள் முன்னதாகவே சில்லு பொருத்தி முடித்துவிட்டார்கள். சவலைகள் மூன்றும் சிவப்பு என்று பதிவாகிவிட்டன. பிழைத்துக் கிடக்கின்றனவே, அது போதும் என்று விட்டுவிட்டார். அந்த மூன்றுக்கும் அவர் வைத்த பெயர்கள் கடலை, எள்ளு, பட்டாணி.

எள்ளு செத்த அன்று சாயங்காலம் அவர் பஸ் ஏறினார். டிரைவர் இல்லாமல் பஸ் ஓட ஆரம்பித்துப் பத்து வருடம் ஆகிவிட்டது, கூட்டத்தில் இடிபடுவது மட்டும் மாறவில்லை. வீட்டில் மனைவி பேச்சியம்மாள் தனியாக இருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். கீரை முடிந்த பிறகும் வெறுங்காம்பை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நாயும் மனுசனும் ஒண்ணா?"

"ஒண்ணு மாதிரின்னுதானட்டி நாயில செஞ்சு பாத்தாங்க."

"வெள்ளிக்கிழம மகிழனுக்குச் செய்ய ஒப்புதல் வருது. வருசத்துல பாதி நாளு யாரு கேட்டாலும் விசேஷம் இல்லியா, விசேஷம் இல்லியான்னு மருமவப் புள்ளயக் கொத்தியெடுக்காங்க. பக்கத்து வீட்டு வளைகாப்புல, நீ கொஞ்சம் தள்ளி நில்லுன்னு சொன்னாளுக. மூணு வருசம் பொறுத்துட்டா. நீங்க வாயத் தொறக்காதீங்க. அவங்ககிட்ட மெசினு இருக்கு, வேணும்னா அவங்களே கண்டுபிடிக்கட்டும்."

அவள் சொன்னதில் பிசகு இல்லை. மெஷின் கண்டுபிடிக்காது என்பதுதான் அவருக்குத் தெரியும். நூல் கட்டிய கைக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது.

மருமகள் பவிஷா எல்.கே.ஜி. டீச்சர். பெண் பார்க்கப் போன அன்றே பேச்சியம்மாள் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். பெண் வீட்டார் முகம் மாறியது. பவிஷாதான், டாக்டர் முடியும் என்று சொல்கிறார்கள் அல்லவா, நான் காத்திருக்கிறேன் என்றாள். ரோஸ்லினின் சிகிச்சைக்குக் காத்திருக்கும் வரிசையில் பதினோரு குடும்பங்கள். எல்லாம் சிறு வயதில் புற்றுநோய் வந்து பிழைத்த பையன்கள். அதில் முதல் பெயர் மகிழன். காற்றாலையில் மெக்கானிக், நூறு மீட்டர் உயரத்துக்கு அலட்டாமல் ஏறுகிறவன். வளைகாப்பு, பெயர் சூட்டு என்று அழைப்பு வந்தால் மட்டும் அவனுக்கு அன்றைக்கு வேலை வந்துவிடும்.

தினமும் சாயங்காலம் பவிஷா மாமனாரிடம் ஒரே கேள்வி கேட்பாள். "பச்சை நூல் குட்டிங்க எப்படி இருக்கு மாமா?" அவர் நல்லா இருக்கும்மா என்பார். இதுவரை அது பொய்யென்று அவருக்கு உறைத்ததே இல்லை. அவள் கேட்ட குட்டிகள் நன்றாகத்தான் இருந்தன, அவை பச்சையில்லை என்பது மட்டும்தான் குறை.

புதன்கிழமை சம்மதப் படிவம் வந்தது. நாலு பக்கம். மகிழன் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை பவிஷாவிடம் நீட்டினான். அவள் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியில் விரலை வைத்தாள். விலங்குச் சோதனையின் முடிவுகள் எங்களுக்கு விளக்கிச் சொல்லப்பட்டன, அவற்றை நாங்கள் புரிந்துகொண்டோம் என்று இருந்தது.

"டாக்டர் விளக்கிச் சொன்னாங்க. எனக்குப் பாதி புரியல," என்றாள். "மாமா, அதுங்களப் பொறந்ததுல இருந்து தூக்கி வளத்தது நீங்க. நீங்க சொல்லுங்க. போடட்டுமா?"

பேச்சியம்மாள் அடுப்படி வாசலில் வந்து நின்று புருஷனையே பார்த்தாள். ஒரு வார்த்தைதான். போடும்மா என்றால் முடிந்தது. பத்து மாதத்தில் வீட்டில் தொட்டில் கட்டிவிடலாம். அந்தத் தொட்டிலை அவர் ஆசைப்படவில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதை நினைத்து அவர் கொட்டகையில் தனியாகச் சிரித்ததும் உண்டு.

"நாளைக்குப் போடும்மா," என்றார்.

மறுநாள் காலையில் நாய்களுக்குச் சோறு வைத்து முடித்ததும் நேராக ரோஸ்லின் அறைக்குப் போனார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மேடம், செத்தது சிவப்பு இல்ல. ரெண்டும் பச்சை."

முதலில் ரோஸ்லினுக்கு விளங்கவில்லை. இசக்கிப்பாண்டி ஒவ்வொன்றாகச் சொன்னார். சவலை, பால் இறங்காதது, நூல், சில்லு. சொல்லி முடித்தபோது ரோஸ்லின் மேசை மேலிருந்த கோப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஒப்புதல் கூட்டத்துக்காகக் கட்டி வைத்தவை.

"மூணாவது எது?"

"பட்டாணி மேடம்."

பட்டாணியைப் பிடித்துவந்து ஸ்கேன் மேசையில் படுக்க வைத்தார்கள். நெஞ்சில் தடவிய பசையை நக்கப் பார்த்து அது வாலை ஆட்டியது. திரையில் இதயம் திணறித் திணறி அடித்துக்கொண்டிருந்தது. ரோஸ்லின் மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் ஒரே கணக்குத்தான். பிறகு, பச்சை என்று பெயர் வாங்கியிருந்த மூன்றையும் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். அவற்றின் இதயங்கள் சரியான அளவில் இருந்தன.

"பட்டாணிக்கு ரெண்டு மாசம். மிஞ்சினா மூணு," என்றார்.

"எதனால மேடம்?"

"தட்டுல வச்சு, பெருகு பெருகுன்னு நான் சொல்லிக்கிட்டே இருந்தேன்ல. பொறவு நிறுத்திட்டேன், முதிர வச்சேன். விந்து முதிர்ந்துச்சு. ஆனா அந்தச் சொல்லு அதுக்குள்ள எங்கேயோ ஒட்டிக்கிட்டிருக்கு. அப்பன்கிட்ட இருந்து குட்டிக்குப் போயிருக்கு. குட்டியோட இதயம் இன்னும் அதைக் கேட்டுக்கிட்டே இருக்கு. வேற விளக்கம் எனக்குத் தோணல."

"மருந்து இல்லியா?"

"ஏன் ஒட்டுதுன்னு தெரியணும். எங்க ஒட்டுதுன்னு தெரியணும். இருபது வருசம் ஆகும். நான் இருக்க மாட்டேன் இந்த நாற்காலியில." அவர் சட்டென்று குரலை உயர்த்தினார். "ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அன்னைக்கே சொல்லியிருந்தா என்னண்ணே? அந்தக் குட்டிங்கதானே போயிருக்கும்?"

"அதனாலதான் மேடம் சொல்லல."

ரோஸ்லின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுபடி அவரைப் பார்த்தபோது கண் சிவந்திருந்தது. "உங்க மேல நான் எழுதியாகணும். வேலை போகும்."

"எழுதுங்க மேடம்."

"எழுதாம விட்டாலும் எனக்கு இந்த ஆறு வருசம் திரும்பி வராது. இன்னைக்கு நீங்க வரலைன்னா நாளைக்கு நான் பதினோரு குழந்தைங்களுக்கு..." அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. "பதினோரு வீட்டுக்கும் இப்ப இல்லைன்னு சொல்லணும். பத்து வீட்டுக்கு நான் சொல்லுதேன். ஒரு வீட்டுக்கு நீங்க சொல்லுங்க."

அந்த ஒரு வீட்டுக்கு அவர் நடந்தே போனார். ஏழு கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் சீக்கிரம் வீடு வந்துவிடும் என்று பயந்தார்.

அவர் சொன்னதைக் கேட்டுப் பவிஷா அழவில்லை. எழுந்து போய்ப் படிவத்தை எடுத்து, மடிப்புக் கலையாமல் மடித்து, திரும்ப அதே இடத்தில் வைத்தாள். பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். மகிழன்தான் கேட்டான்.

"எத்தனை மாசத்துல செத்துச்சுன்னு சொன்னீங்க?"

"பதினாலு."

"நாய்க்குப் பதினாலு மாசம்னா மனுசக் கணக்குல எவ்வளவு?"

இந்தக் கேள்வி வரும் என்று இசக்கிப்பாண்டி நினைக்கவில்லை. பதில் அவருக்குத் தெரியும், நாய்களோடு இருக்கிற எவருக்கும் தெரியும். "பதினஞ்சு, பதினாறு வயசு."

"பதினாறு வருசம்." மகிழன் நிதானமாகச் சொன்னான். "பதினாறு வருசம் ஒரு புள்ள இந்த வீட்டுல ஓடித் திரிஞ்சிருக்கும்லாப்பா. பள்ளிக்கூடம் போயிருக்கும். அப்பான்னு கூப்பிட்டிருக்கும். பதினாறு வருசம் கொடுத்தாப் போதும்னு நான் நினைக்கிறேன். வேண்டாம்னு சொல்ல நீங்க யாரு?"

"ஏல, மகிழா..."

"ஒண்ணு, பொறந்தப்பவே அந்த மூணையும் சாக விட்டிருக்கணும். அப்ப இந்த ஆசையே வந்திருக்காது. இல்லன்னா இன்னைக்கு வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும். ரெண்டையும் செய்யல நீங்க." அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அன்றிலிருந்து அப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

அவன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் இசக்கிப்பாண்டியை அறுத்தது. ஏழு வயது மகனுக்கு ஆஸ்பத்திரியில் நாள் குறித்தபோது, இன்னும் ஒரே ஒரு வருடம் கொடு என்று அவரும் எல்லாச் சாமியிடமும் கெஞ்சியவர்தான். பதினாறு என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பார்.

இரண்டு நாள் கழித்துப் பவிஷா அவரிடம் வந்து நின்றாள். கையில் அவருக்கு வந்த பணிநீக்கக் கடிதம். அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"மாமா, அந்த மூணாவது நாய் இருக்கில்லா?"

"இருக்கும்மா."

"அதை அங்க என்ன செய்வாங்க?"

"அறுத்துப் பாப்பாங்க."

"நம்ம வீட்டுக்குக் கொண்டுவாங்க. இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்."

ரோஸ்லின் மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். செத்த பிறகு இதயத்தைத் தன்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். ஒருவேளை இருபது வருடம் கழித்து வேறு யாருக்காவது அதிலிருந்து ஏதாவது புரியலாம். மகிழனின் அரிசி அளவுத் துண்டைப் பனியிலேயே விட்டு வைக்கிறேன் என்றும் சொன்னார்.

பட்டாணி வந்தது. ஓடக் கூடாது, படியேறக் கூடாது, பந்தைக் கண்ணில் காட்டக் கூடாது. அதற்கு இது எதுவும் தெரியாதே. தெருவில் பையன்கள் ஓடினால் எழுந்து துள்ளும், நாலு எட்டு வைத்ததும் நாக்கு தொங்க உட்கார்ந்துவிடும். பவிஷா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவாள். பேச்சியம்மாள் முதலில் நாயா, அடுப்படிக்குள்ளயா என்று முணுமுணுத்தாள். நாலாம் நாள் மீன் குழம்பில் முள் எடுத்துச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். மகிழன் மட்டும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. காலை நீட்டிக் குறுக்கே படுத்திருந்தால் தாண்டிக்கொண்டு போவான்.

முதல் மாற்றத்தை இசக்கிப்பாண்டி காதால்தான் கண்டுபிடித்தார். வேலையிலிருந்து வந்து கதவைத் திறக்கிறவன் முன்பெல்லாம் முதலில் செருப்பைக் கழற்றுவான். இப்போது செருப்போடு வாசலிலேயே நின்று உள்ளே எட்டிப் பார்க்கிறான். நாயின் வால் தரையில் அடிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் செருப்புக் கழலும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பெண்கள் இருவரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். இசக்கிப்பாண்டி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர் நடையிலேயே நின்றுவிட்டார். முன்னறையில் பட்டாணி ஒருச்சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. வெறுந்தரையில் அதன் பக்கத்தில் மகிழன் படுத்திருந்தான். அவன் கை நாயின் விலாவில் இருந்தது. கண்ணை மூடவில்லை. முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"மூச்சு நின்னு நின்னு வருதுப்பா," என்றான். இருபத்திமூன்று நாளில் அவரிடம் அவன் பேசிய முதல் வார்த்தை.

"தூங்கும்போது அப்படித்தான் வரும்."

"ஒரேயடியா நின்னுட்டா எப்படித் தெரியும்?"

"அடுத்தது வந்தாத்தான் நிக்கலைன்னு தெரியும்."

மகிழன் அடுத்ததற்குக் காத்திருந்தான். வந்தது. அதற்கடுத்ததற்கும் காத்திருந்தான். அதுவும் வந்தது. வெகுநேரம் அப்படியே போனது.

"இப்படிப் பதினாறு வருசம் முடியாதுப்பா," என்றான். "பவிஷாவால முடியாது. என்னால ஒரு மத்தியானம் முடியல."

இசக்கிப்பாண்டி மெல்ல வந்து அவன் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"எனக்கு முடியாம இருந்தப்ப, மதுரையில, நீங்க கட்டிலுக்குக் கீழயேதான் கெடப்பீங்கன்னு அம்மா சொல்லுவா. இப்படித்தான் கைய வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தீங்களா?"

"ஆமா."

"எத்தனை நாளுப்பா?"

"இன்னும் கைய எடுக்கலைய்யா," என்றார் அவர்.